குளிர்காலத்துல கயாக்ல ட்ரவுட் பிடிக்க காசை முதல்ல எதுல போடுறது? (கேள்வி-பதில்)

கேள்வி: அண்ணா, நான் போற ஏரில குளிர்காலம் வந்தா பண்ணைல வளர்த்த ரெயின்போ ட்ரவுட்டை லாரில கொண்டுவந்து விடுவாங்க. என்கிட்ட துடுப்பு போடுற சிட்-ஆன்-டாப் (மேல உக்காந்து ஓட்டுற) கயாக் ஒண்ணு இருக்கு. இந்த சீசன் ட்ரோலிங் (லூரை, அதாவது போலி இரையை, ஓடுற படகுக்கு பின்னாடி இழுத்துட்டு போறது) பண்ணணும்னு ஆசை. கடைல கேட்டா டவுன்ரிக்கர் (கனமான குண்டு கட்டி லூரை ஆழத்துக்கு இறக்குற கருவி), ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணிக்குள்ள மீன் எங்கன்னு காட்டுற கருவி), லெட் கோர் லைன் (உள்ள ஈயம் வச்ச தூண்டில் லைன்)னு பெரிய லிஸ்ட் குடுக்குறாங்க. எல்லாத்தையும் வாங்க முடியாது, எதை முதல்ல வாங்கட்டும்?

பதில்: தம்பி, அந்த லிஸ்ட்ல இருக்கிற மூணுமே இப்போ உங்களுக்கு வேணாம். முதல் காசு உடம்புல போடுற டிரெஸ்ஸுக்கு, அதை அடுத்த கேள்வில சொல்றேன். முதல்ல டவுன்ரிக்கரும் லெட் கோரும் ஏன் வேணாம்னு பாத்துருவோம் (ஃபைண்டர் பத்தி கடைசில), ஏன்னா கடைல சொல்றது பொய் இல்ல, அவங்க சொல்றது கோடைகாலத்து கணக்கு.

கோடைல ஏரி அடுக்கடுக்கா பிரிஞ்சு நிக்கும், மேல சூடு, அடியில குளிர். ட்ரவுட்டுக்கு சுமார் 10ல இருந்து 16 டிகிரி செல்சியஸ் தண்ணிதான் பிடிக்கும், அதனால அது ஆழத்துக்கு போயிரும், அதை தேடி லூரை கீழ இறக்கத்தான் டவுன்ரிக்கரும் லெட் கோரும். குளிர்காலத்துல மேல் தண்ணி குளிர்ந்து கனமாகி கீழ இறங்கி, மொத்த ஏரியும் கலந்து மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒரே வெப்பம் ஆயிரும். அப்போ மீனுக்கு ஆழத்துல போய் ஒளிய வேண்டிய அவசியமே இல்ல. (தண்ணி 4 டிகிரிலதான் அதிக கனம், அதுக்கும் கீழ போனா கதை வேற, ஆனா மேல ஐஸ் கட்டுற ஏரில அப்போ கயாக் எடுத்துட்டு போக மாட்டோம்.)

இன்னொண்ணு, இது பண்ணை மீன். ஆழமில்லாத தொட்டில, மேல இருந்து தூவுற தீனிய தின்னு வளர்ந்தது. ஏரில விட்ட முதல் சில நாள் விட்ட எடத்த சுத்தியே கூட்டமா, மேல் தண்ணிலயே திரியும், அப்புறம்தான் பரவும். அதனால மேல இருந்து 1, 2 மீட்டர், அதிகபட்சம் 3 மீட்டருக்குள்ள லூர் ஓடினா போதும். சின்ன ஸ்பூனை (கரண்டி மாதிரி வளைஞ்ச உலோக லூர்) 25, 30 மீட்டர் பின்னாடி விட்டு மெதுவா இழுத்தாலே அந்த ஆழத்துல போகும், இன்னும் கொஞ்சம் இறங்கணும்னா ஸ்பூனுக்கு அரை மீட்டர் முன்னாடி லைன்ல ஒரு சின்ன ஈயக்குண்டை அழுத்தி மாட்டி விடுங்க, முடிஞ்சுது. லெட் கோர் லைன் 10 கஜத்துக்கு ஒரு கலர் மாறும், ஒரு கலர் விட்டா தோராயமா 5 அடி இறங்கும், கோடைல அருமையான சாமான், அடுத்த கோடைக்கு பாத்துக்கலாம்.

கேள்வி: வெயில் அடிக்கிற நாளா பாத்துதான் போவேன், நல்லா நீச்சலும் தெரியும். அப்பவும் ட்ரை சூட் (தண்ணி உள்ள புகாத முழு உடம்பு டிரெஸ்) வாங்கணுமா? கிட்டத்தட்ட ஒரு கயாக் விலை சொல்றாங்களே?

பதில்: வாங்கணும்னுதான் சொல்வேன். வெயில் காத்தைத்தான் சூடாக்கும், தண்ணி அப்படியே 8, 10 டிகிரிலதான் இருக்கும், நீங்க டிரெஸ் பண்ண வேண்டியது தண்ணிக்கு, காத்துக்கு இல்ல. காத்தை விட தண்ணி நம்ம உடம்பு சூட்டை சுமார் 25 மடங்கு வேகமா உறிஞ்சிரும்.

கனடால மனிடோபா பல்கலைக்கழகத்துல இதையே ஆராய்ச்சி பண்ற கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்லிருக்கார். ரொம்ப குளிர்ந்த தண்ணில விழுந்தா முதல் 1 நிமிஷம் மூச்சு உங்க கட்டுப்பாட்டுல இருக்காது, அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள போனா அவ்வளவுதான். அடுத்த 10 நிமிஷம்தான் கையும் காலும் சொன்னபடி கேக்கும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். அதாவது பலபேர் சாகுறது உறைஞ்சு போய் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே முழுகித்தான். நீச்சல் தெரியும்ங்கிறது அந்த முதல் நிமிஷத்துல ஒண்ணுக்கும் உதவாது, லைஃப் ஜாக்கெட்தான் உதவும்.

இது எனக்கு நடந்திருக்கு. ராட் ஹோல்டர் (தூண்டிலை செருகி வைக்கிற பிடி) சீட்டுக்கு பின்னாடி இருந்துச்சு, மீன் அடிச்ச சத்தம் கேட்டு சட்டுனு திரும்பி எட்டினேன், கயாக் கவுந்துருச்சு. கரை 40 மீட்டர் தூரம்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், ஆனா உள்ள காட்டன் பேன்ட், ஸ்வெட்டர். ரெண்டு தடவை ஏற முயற்சி பண்ணேன், மூணாவது தடவை விரல் பிடிக்கவே இல்ல, கயிறை தொடுறேன்னு கண்ணுக்கு தெரியுது, கைக்கு தெரியல. பக்கத்து கயாக்ல வந்த நண்பர் இழுத்துட்டு போய் கரை சேத்தார். அதனாலதான் இவ்வளவு வற்புறுத்துறேன், தனியாவும் போகாதீங்க.

லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது ஃபோம் உள்ளதா வாங்குங்க, காத்து அடைக்கிற மாடல் இதுக்கு வேணாம், விழுந்த அந்த நொடில இழுக்கணும், ஊதணும்னு எந்த வேலையும் இருக்கக்கூடாது. கயாக்குக்குன்னே முதுகு பக்கம் ஃபோம் மேல தள்ளி வச்ச மாடல் இருக்கு, சீட்ல இடிக்காது. போட்டு எல்லா பட்டையும் இறுக்கிட்டு தோள் பட்டைய ஒருத்தரை மேல தூக்க சொல்லுங்க, காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா அந்த சைஸ் உங்களுக்கு இல்ல.

ட்ரை சூட்டுக்கு காசு இப்போ இல்லன்னா, தண்ணி 15 டிகிரிக்கு மேல இருக்கிற நாள்ல மட்டும் போங்க, கை இல்லாத 3 மி.மீ. வெட் சூட்டும் (உடம்போட ஒட்டுற ரப்பர் டிரெஸ்) மேல ஒரு ஸ்ப்ளாஷ் ஜாக்கெட்டும் (தெறிக்கிற தண்ணிய தடுக்குறது) சமாளிக்கும். அதுக்கு கீழ ட்ரை சூட் இல்லாம இறங்காதீங்க. வேடர்ஸ் (தண்ணில இறங்கி நிக்க போடுற, மார்பு வரைக்கும் வர்ற பேன்ட்) போட்டுக்கிறேன்னு சிலர் சொல்றாங்க, உள்ள தண்ணி புகுந்தா அது உங்களை அடிக்கு இழுக்காது, உண்மைதான், ஆனா கயாக் மேல ஏறும்போது அந்த தண்ணி மொத்தத்தையும் சேத்து தூக்கணும், குளிரையும் தடுக்காது.

கேள்வி: பழைய ட்ரை சூட் ஒண்ணு பாதி விலைக்கு வருது, வாங்கலாமா சார்?

பதில்: வாங்கலாம், ஆனா ஃபோட்டோ பாத்து முடிவு பண்ணாதீங்க. கழுத்து, மணிக்கட்டுல இருக்கிற ரப்பர் கேஸ்கெட்டை (தண்ணி புகாம இறுக்கிப் பிடிக்கிற பட்டை) மெதுவா இழுத்து பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டினாலோ குட்டி குட்டி வெடிப்பு தெரிஞ்சாலோ அதோட ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். கேஸ்கெட் மாத்திக்கலாம், அந்த செலவை விலைல கழிச்சு பேசுங்க. ஜிப்தான் முக்கியம், மடங்கி மடங்கி ஒரு எடத்துல நூல் பிரிஞ்சிருந்தா விட்டுருங்க, அதை மாத்துறது பெரிய செலவு. அப்புறம் ஜிப்பை மூடி, கழுத்தையும் ஒரு கையையும் இறுக்கி கட்டி, இன்னொரு கை வழியா காத்தை அடைச்சு, மேல சோப்பு தண்ணி தடவுங்க, ஓட்டை இருந்தா குமிழி காட்டிக்குடுக்கும். இதை பண்ண விடமாட்டேன்னு விக்கிறவர் சொன்னா வேற ஆள் பாருங்க. சூட் தண்ணிய மட்டும்தான் தடுக்கும், சூடு குடுக்கிறது உள்ள போடுற கம்பளியோ ஃப்ளீஸோதான், அதுக்கும் இடம் இருக்கிற மாதிரி சைஸ் பாருங்க.

கேள்வி: ராட், லைன், லூர் எல்லாம் எது போதும்?

பதில்: இதுல அதிகம் செலவே வேணாம். ஆறரை, ஏழு அடி லைட் ராட், நுனி நல்லா வளையணும், ட்ரவுட் வாய் மெத்துன்னு இருக்கும், விறைப்பான ராட்ல முள் கிழிச்சுட்டு வந்துரும். அதே காரணத்துக்காக லைனும் பிரெய்டு (பின்னின நூல், நீளாது) வேணாம், 6 பவுண்ட் தாங்குற தங்கூஸ் நரம்பே நல்லது, இழுத்தா கொஞ்சம் நீளும். டிராக்கை (மீன் இழுத்தா லைனை விட்டுக்குடுக்கிற ரீல் பிரேக்) லூசா வையுங்க. ஸ்பூன் சுத்தி சுத்தி லைன் முறுக்கிரும், அதனால நல்ல ஸ்விவல் (லைனுக்கும் லூருக்கும் நடுவுல சுழலுற இணைப்பு) கண்டிப்பா வேணும், இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

லூர்ல நாலஞ்சு போதும்: 3ல இருந்து 5 செ.மீ.க்குள்ள ரெண்டு ஸ்பூன், ஒண்ணு வெள்ளி ஒண்ணு தங்கம், ஒரு ஸ்பின்னர் (சுழலுற தகடு வச்ச லூர்), ஒரு சின்ன மினோ (குட்டி மீன் வடிவ லூர்). ஃபின்லாந்துல லௌரி ரபாலா 1936ல கையால செதுக்கின மினோவோட வாரிசு இன்னும் கடைல கிடைக்குது, அந்த 5 செ.மீ. மிதக்கிற மாடல் இந்த வேலைக்கு ரொம்ப பொருத்தம். மீனை திருப்பி விடப்போறீங்கன்னா மூணு கிளை உள்ள தூண்டில் முள்ளை கழட்டிட்டு கொண்டி (முள் கழண்டு வராம தடுக்கிற சின்ன கூர்) இல்லாத ஒத்த முள் மாட்டுங்க.

வேகம் மணிக்கு 2, 3 கி.மீ., நடக்கிறதுல பாதி. தண்ணி ரொம்ப குளிர்ந்தா இன்னும் குறைங்க. நேரா போகாம பாம்பு மாதிரி வளைஞ்சு போங்க, வளைவுல வெளிப்பக்க லூர் வேகமாகும், உள்பக்க லூர் மெதுவாகி இறங்கும், எதுல அடிக்குதோ அதுதான் அன்னிக்கு மீனுக்கு பிடிச்ச வேகம். ரெண்டு ராட் போட அனுமதி இருக்கான்னு மட்டும் உங்க ஏரி விதிய பாத்துக்கோங்க.

கேள்வி: பெடல் கயாக்குக்கு மாறணுமா? ஃபிஷ் ஃபைண்டர்?

பதில்: பெடல் சுகம்தான், கை ஃப்ரீயா இருக்கும். ஆனா துடுப்பு போடுறப்போ ஒவ்வொரு இழுப்புக்கும் லூர் துள்ளி துள்ளி போகும், அதுக்கே ட்ரவுட் அடிக்கும், அதனால இதுக்காக கயாக்கை மாத்த வேணாம். ஃபைண்டர்ல இப்போ உங்களுக்கு தேவைப்படுறது வேகம் மட்டும்தான், அதை ஃபோன் ஜி.பி.எஸ். காட்டிரும், தண்ணி புகாத பைல போட்டு கட்டிக்கோங்க. பின்னாடி வாங்கினா லித்தியம் பேட்டரியோட வாங்குங்க, வெயிட் கம்மி, ஆனா பூஜ்ஜியம் டிகிரிக்கு கீழ சார்ஜ் போடாதீங்க, கெட்டுரும்.

மிச்சம் காசு இருந்தா ரப்பர் கைவலை ஒண்ணும் நல்ல ராட் ஹோல்டர் ஒண்ணும் வாங்குங்க. ஹோல்டரை முட்டிக்கு முன்னாடி, உக்காந்த எடத்துல இருந்து திரும்பாம கை எட்டுற எடத்துல மாட்டுங்க, பின்னாடி வேணாம்.