டெலிவரி வான்களுக்கு ஓட்டம் பிரிக்கும்போது செலவும் குறைய வேண்டும், சாரதிகளுக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்றால் என்ன வழி?

யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் வான்களுக்கு ஓட்டம் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் இடத்தில் ஓட்டம் பிரிக்கும் மென்பொருள் மொத்தத் தூரத்தைக் குறைத்துத் தருகிறது, ஆனால் நாளும் ஒரே சாரதிதான் இருட்டிய பிறகு திரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மென்பொருளின் கோளாறு இல்லை. 1959இல் டான்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாகனங்களுக்கு ஓட்டம் பிரிக்கும் இந்தக் கணக்கை முதலில் எழுதியபோதே குறைக்கச் சொன்னது மொத்தத் தூரத்தைத்தான். யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்பது அதில் இல்லை. அதை நாங்கள்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் கிலோமீற்றரை விட்டுவிட்டு மணித்தியாலத்தைப் பாருங்கள். பண்ணைப் பாலம் தாண்டிப் புங்குடுதீவு போகிறவருக்குத் தூரம் கூட, கடைகள் குறைவு. டவுனுக்குள் கஸ்தூரியார் வீதிக்குப் போகிறவர் ஓடுவது கொஞ்சத் தூரம்தான். ஆனால் நிறுத்த இடமில்லாமல் வானைத் தள்ளி நிறுத்திவிட்டு, சீனி மூட்டையைத் தோளில் சுமந்து வந்து, முதலாளி வந்து பில்லில் கையெழுத்துப் போடும்வரை நிற்பார். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுச் சாமானைப் படகில் ஏற்றிவிடக் காத்திருப்பதும் அப்படித்தான். இதெல்லாம் வேலை நேரம்.

அடுத்தது, எல்லோருக்கும் ஒரே அளவு வேலை என்று மென்பொருளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு கணக்குக்கு, மூன்று வான்களுக்கு 10, 7, 4 மணித்தியாலம் என்று வைப்போம், மொத்தம் 21. வித்தியாசமே இருக்கக்கூடாது என்றால் அது மூவருக்கும் 8 என்று போட்டுத் தரும். மொத்தம் 24 ஆகிவிடும். சின்ன ஓட்டம் உள்ளவரைச் சும்மா சுற்றவிட்டு நேரத்தைச் சமப்படுத்துவதால் வருவது அது. அதனால் யாருக்கு என்ன லாபம்? டீசல்தான் எரியும். அதைவிட, ஒருவருக்கும் எட்டரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்று உச்ச வரம்பு வையுங்கள். 8.5, 7.5, 6 என்று வந்தால் மொத்தம் 22. அந்த ஒரு மணித்தியாலம் கூடுவது எனக்குச் சரி என்றே படுகிறது.

மிச்ச ஏற்றத்தாழ்வை ஒரு நாளில் தீர்க்க முயலாமல், கிழமைக் கணக்கில் மாறி மாறிக் கொடுத்துச் சரிக்கட்டுங்கள். எல்லோரையும் எல்லா இடத்துக்கும் அனுப்ப வேண்டாம். கடைக்காரரைத் தெரியாத சாரதிக்கு ஒவ்வொரு கடையிலும் நேரம் போகும். ஓட்டத்துக்கு இரண்டு பேர் பழகியிருந்தால் போதும். அப்புறம், சாரதிகளிடமே கேளுங்கள். மேலதிகக் கொடுப்பனவுக்காகத் தீவுப் பக்கத்தை விரும்பிக் கேட்பவர் இருப்பார், பின்னேரம் பிள்ளையை ரியூசனால் கூட்டிவர வேண்டியவரும் இருப்பார்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்படும். அப்போது டவுன் ஓட்டம்தான் பாரமான ஓட்டம், மணித்தியாலக் கணக்கை அதற்கேற்ப மாற்றிப் போடுங்கள்.