டிசம்பர் கடைசியில் இலங்கை: திருகோணமலை வேண்டாம், தெற்கே போங்கள்

சகோ, அப்பா அம்மாவோடு டிசம்பர் கடைசியில் நாலு நாள் திருகோணமலைக் கடற்கரை, அப்புறம் கண்டி, நுவரெலியா என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள், "தனுஷ்கோடிக்கு எதிர்க்கரைதானே, தனியாக என்ன படிக்க வேண்டும்" என்றும் கேட்கிறீர்கள். முதலில் காற்றைப் படியுங்கள். வாடைக்காற்று (வடக்கேயிருந்து வரும் காற்று) அடிக்கும்போது பாம்பனில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும், அது நமக்குத் தெரிந்ததுதானே? அங்கேயும் அதே கணக்குதான்: வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் பிடிக்கும், அதனால் அந்த மாதத்தில் தெற்குக் கரையில் இருக்கும் காலி, மிரிஸ்ஸ ஊர்களின் பக்கம் போங்கள். திருகோணமலைக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. நம்ம ஊர்ப் புழுக்கத்திலேயே இருந்தவர்களுக்கு ராத்திரியில் நடுக்கம் எடுக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம்.

பௌர்ணமி எந்தத் தேதி என்று காலண்டரில் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, மதுக்கடை, இறைச்சிக்கடை மூடியிருக்கும், விகாரைகளில் கூட்டம் நெரியும். கண்டியில் புத்தரின் பல்லை வைத்து வணங்கும் தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் கிடையாது, நாகப்பட்டினம் கப்பலை மழைக்காலத்தில் நம்பவும் முடியாது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம்தான் சரி. பயண அனுமதியை இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள், இடைத்தரகர் தளங்கள் நிறைய உலவுகின்றன.