காதல் நாவலுக்கு யார் நடுவர்?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். வயது 33. ஆங்கிலத்தில் என் முதல் காதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். கதாநாயகி லண்டனின் ஈஸ்ட்ஹாமில் வளர்ந்த தமிழ்ப் பெண். இந்நாட்டில் காதல் நாவலாசிரியர்களுக்கென்றே ஒரு சங்கமும் விருதுகளும் இருப்பதாக அறிந்தேன். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் என் அண்ணனோ, "தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்ளும் விருது அது, எழுதுவதானால் உண்மையான இலக்கியப் பரிசுக்கு எழுது" என்கிறார். எழுத்துப் பயிலரங்கு ஒன்றில் என் முதல் அத்தியாயத்தைக் கேட்ட பெண்மணி, கதாநாயகியோடு தம்மால் ஒன்ற முடியவில்லை என்றார். இந்த விருதுகளை நம்பிச் சங்கத்தில் சேரலாமா? நான் புனைபெயர் வைத்துக்கொள்வது நல்லதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லெஸ்டர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்கிறார்கள் என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. வேறு எவரும் போட முன்வராத காரணத்தால்தான் அவர்கள் அவ்வாறு தொடங்கினார்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டு காதல் நாவலாசிரியர்களான டெனிஸ் ராபின்ஸ் தலைவராகவும், பார்பரா கார்ட்லண்ட் துணைத் தலைவராகவும் இருந்து ரொமான்டிக் நாவலிஸ்ட்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது, நூலகங்களில் மிகுதியானோருக்கு மகிழ்ச்சியளித்த நூல்களை எழுதியவர்களே தங்கள் தொழிலைச் சொல்லிக்கொள்ள ஏறக்குறைய மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் ராபின்ஸ் எழுப்பிய குறை. அதே ஆண்டில் சிறந்த காதல் நாவலுக்கான விருதையும் நிறுவினார்கள். முதல் விருதைப் பெற்ற மேரி ஹோவர்டு 1979, 1980 ஆகிய ஆண்டுகளிலும் அதைப் பெற்றார். பின்னாளில் ஃபிலிப்பா கிரகரி 2002இலும், ஜோஜோ மோயஸ் 2004இலும் 2011இலும் பெற்றார்கள். உங்கள் அண்ணனின் மாணவர்களில் பலர் இவ்விருவரின் நூல்களையும் அவருக்குத் தெரியாமல் படித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

"உண்மையான இலக்கியப் பரிசு" பற்றியும் அவருக்கு ஒரு செய்தி இருக்கிறது. சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் என்ற சிறிய ஊரில் பெட்டி டிராஸ்க் என்றோர் அம்மையார் வாழ்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட காதல் நாவல்களை எழுதியவர். மிக எளிமையாக வாழ்ந்ததால் அவரிடம் பணம் இருந்ததே அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது. 1983இல் அவர் மறைந்தபோது, எழுத்தாளர் சங்கமான சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பவுண்டை எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. 35 வயதுக்குட்பட்டவர்களின் முதல் நாவலுக்கு அதிலிருந்து பரிசளிக்க வேண்டும், அந்த நாவல் காதல் சார்ந்ததாகவோ மரபு வழியிலோ இருக்க வேண்டும், சோதனை முயற்சியாக இருக்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1984 முதல் வழங்கப்பட்டுவரும் இப்பரிசுகளைப் பெற்றவர்களின் பட்டியலில் கிரண் தேசாய், சாரா வாட்டர்ஸ், சேடி ஸ்மித், ஹரி குன்ஸ்ரு ஆகியோர் இருக்கிறார்கள். நல்ல எழுத்தாளர்கள்தான், ஆனால் இவர்களை எந்தப் புத்தகக் கடையும் காதல் நாவல் அடுக்கில் வைப்பதில்லை. காதல் கதை எழுதிச் சேர்த்த பணம் இலக்கிய நாவலாசிரியர்களைத் தூக்கி விடுகிறது. காதல் கதைக்கு மட்டும் அந்த இலக்கிய வீட்டின் திண்ணையில் இடமில்லை. 1990இல் புக்கர் பரிசு பெற்ற ஏ. எஸ். பயாட்டின் நாவல் தன் துணைத்தலைப்பிலேயே தன்னை ஒரு ரொமான்ஸ் என்று அறிவித்துக்கொண்ட நாவல் என்பதையும் அண்ணனுக்கு நினைவூட்டலாம். அவர் எப்படியும் வேறு விளக்கம் வைத்திருப்பார்.

உங்களுக்கு வயது 33 என்பதால் டிராஸ்க் பரிசை ஓரமாக நினைவில் வைத்திருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி நூல் கடைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகக்கூடும் என்பதால், பதிப்பாளரிடம் பேசும் முதல் உரையாடலிலேயே உங்கள் பிறந்த தேதியைக் குறிப்பிட்டு விடுவது நல்லது.

இனி, நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் கவலைக்கு வருகிறேன். தமிழ்ப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்த நாவலை இந்தச் சங்கத்து நடுவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதுதான் அது. இதற்கு அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா 1980இல் ஹூஸ்டனில் தோன்றியது. அதைக் கூட்டிச் சேர்த்தவர் விவியன் ஸ்டீஃபன்ஸ். டெல் பதிப்பகத்தின் காதல் நாவல் வரிசைக்குப் பொறுப்பாக இருந்த கறுப்பினப் பெண்மணி. 1982 முதல் தங்கப் பதக்கம் என்ற பெயரில் வழங்கிய விருதுக்கு, 1990இல் சங்கத்தின் முதல் தலைவரான ரீட்டா கிளே எஸ்ட்ராடாவின் பெயரைச் சூட்டினார்கள். ரீட்டா விருது என்றால் அந்தத் துறையில் அதற்கு மேல் ஒன்றில்லை என்ற நிலை விரைவில் வந்தது. நடுவர்கள் யார் என்றால் சங்கத்தின் உறுப்பினர்களே, அதாவது போட்டியாளர்களைப் போன்ற சக எழுத்தாளர்களே, படித்து மதிப்பெண் போட்டார்கள். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரை மதிப்பிடுவது என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. உரையாடல் எங்கே தொய்கிறது, முடிவு எங்கே அவசரப்படுகிறது என்பதை அவர்களைவிட நன்றாக எவர் சொல்ல முடியும்? ஆனால் அந்த அறையில் பெரும்பாலோர் ஒரே வகையான வாழ்க்கையை வாழ்ந்தவர்களாக இருக்கும்போது, வேறு வாழ்க்கையைச் சொல்லும் கதை தனக்கு உரிய மதிப்பெண்ணை இழக்கிறது. அதற்கு எவரும் தீய நோக்கத்தோடு செயல்பட வேண்டியதில்லை. "கதாநாயகியோடு ஒன்ற முடியவில்லை" என்று நேர்மையாக எண்ணினாலே போதும்.

நடந்ததும் அதுதான். 2018இல் அந்தச் சங்கமே வெளியிட்ட அறிக்கையின்படி, அதுவரை இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களுடையவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு. விருது பெற்றவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பினப் பெண் ஒருவர் தொடங்கிய சங்கத்தில் நிலைமை இது. நாஜி முகாமின் தளபதிக்கும் யூதக் கைதிப் பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொன்ன நாவல் ஒன்று, அதே நடுவர் முறையில் இரண்டு பிரிவுகளின் இறுதிப் பட்டியலுக்கு எளிதாக வந்து சேர்ந்ததைக் குறித்து 2015இல் பெரும் கண்டனம் எழுந்திருந்தது. யாருடைய துயரம் அந்த நடுவர்களுக்கு எட்டியது, யாருடையது எட்டவில்லை என்பதை இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

2019இல் கதவு சற்றுத் திறந்தது. கென்னடி ரயனும் எம். மலோனும் விருது பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர்கள் ஆனார்கள். இளையோர் பிரிவில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நிஷா சர்மா வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள், சீன வம்சாவளி எழுத்தாளரான கோர்ட்னி மிலன், நாவல் ஒன்றில் சீனர்கள் சித்திரிக்கப்பட்ட விதத்தை இனவெறி என்று பொதுவெளியில் விமர்சித்ததற்காகச் சங்கம் அவரைத் தண்டிக்க முற்பட்டது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள், தண்டனை திரும்பப் பெறப்பட்டது, நிர்வாகிகள் விலகினார்கள், 2020ஆம் ஆண்டு விருது ரத்தானது. ரீட்டாவைக் கைவிட்டு, நிறுவியவரின் பெயரால் விவியன் விருது என்று 2021இல் புதிதாகத் தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே, 1890இல் அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்கள் கொல்லப்பட்ட வூண்டட் நீ படுகொலையில் பங்கெடுத்த குதிரைப்படை அதிகாரியை நாயகனாகக் கொண்ட நாவலுக்கு விருதளித்து, எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றார்கள். பெயரை மாற்றியவர்கள் கண்ணை மாற்றவில்லை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 10,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்த சங்கம் 2,000 பேராகச் சுருங்கி, மாநாடுகளுக்காக ஓட்டல்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் கடனைத் தாங்க முடியாமல் 2024 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. பிரிட்டிஷ் சங்கம் வேறு அமைப்பு. அதன் விருதுகளில் தொடக்கச் சுற்றுகளைப் படிப்பவர்கள் பொது வாசகர்கள் என்பது ஒரு முக்கியமான வேறுபாடு. ஆயினும் எந்த விருதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் பரிசுத் தொகையைப் பார்ப்பதற்கு முன் நடுவர்களையும், கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் இறுதிப் பட்டியலையும் பாருங்கள். உங்கள் கதாநாயகியைப் போன்ற ஒருத்தி அதில் எங்கேனும் தென்படுகிறாளா என்று தேடுங்கள்.

சங்கத்தில் சேரலாமா என்ற கேள்விக்கு என் பதில், சேருங்கள் என்பதுதான். ஆனால் அது விருதுக்காக இருக்க வேண்டாம். 1962 முதல் அச்சங்கம் புதிய எழுத்தாளர்களுக்கான திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. நூல் வெளிவராத எழுத்தாளரின் முழுக் கைப்பிரதியையும் அதே வகை நாவல்களை எழுதி வெளியிட்ட ஒருவர் படித்து, எழுத்து வடிவில் விரிவான அறிக்கை தருவார். தனியார் ஆலோசகர் ஒருவரிடம் இதே வேலைக்குப் போனால் உங்கள் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். இடங்கள் வரையறுக்கப்பட்டவை என்பதால் சேர்க்கை தொடங்கும் நாளையே குறித்து வைத்திருந்து விண்ணப்பியுங்கள். இத்திட்டத்தின் வழியாக வந்து வெளியாகும் முதல் நாவல்களுக்கென்றே ஜோன் ஹெசாயன் விருது என்று தனியாக ஒன்று இருக்கிறது. தோட்டக்கலை நூல்களால் பெயர் பெற்ற டேவிட் ஹெசாயன், காதல் நாவலாசிரியராக இருந்த தம் மனைவியின் நினைவாக ஆதரித்த விருது அது. உங்கள் நாவலுக்கு வழியில் முதலில் எதிர்ப்படக்கூடிய விருதும் அதுவே.

அறிக்கை வந்த பின் அதை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயிலரங்குப் பெண்மணியின் சொல் உங்களை இன்னும் உறுத்துகிறது என்று தெரிகிறது. "ஒன்ற முடியவில்லை" என்று எவர் சொன்னாலும், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். பக்கம் சொல்ல முடியாதவரின் கருத்தை மரியாதையோடு ஒதுக்கிவிடலாம். பக்கம் சொன்னால் அங்கே பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும். காதலர் இருவரையும் பிரித்து வைக்கும் காரணம் ஒரே ஒரு தொலைபேசி உரையாடலில் தீர்ந்துவிடக்கூடியதா என்பதுதான் இவ்வகை நாவலில் அனுபவசாலிகள் முதலில் சோதிப்பது. உங்கள் கதையில் அது வீட்டாரின் எதிர்ப்பு என்றால், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண் ஏன் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்று ஆங்கில வாசகி கேட்பாள். அதற்குக் குடும்ப அமைப்பைப் பற்றி அரைப் பக்க விளக்கவுரை எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கேட்காமலேயே அவள் தட்டில் மீன் குழம்பை ஊற்றிவிட்டு, மாப்பிள்ளை பார்த்திருக்கும் செய்தியை அப்பாவுக்குச் சொல்வதுபோல் சொல்லட்டும். அவள் பதில் சொல்லாமல் சோற்றைப் பிசையட்டும். ஏன் வெளியேறவில்லை என்பது எந்த நாட்டு வாசகிக்கும் அங்கேயே புரிந்துவிடும். கதாநாயகியின் பெயரையோ அவள் வீட்டுச் சமையலையோ மாற்றச் சொல்லும் ஆலோசனையை மட்டும் ஏற்க வேண்டாம்.

கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் ஒரு முத்திரையை அனுப்பிவைக்கும் விருதுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நடுவர் பெயரை வெளியிடாத, பிரிவுகளை அளவின்றிப் பெருக்கி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கேட்கிற எதற்கும் பணம் அனுப்பாதீர்கள். அலையன்ஸ் ஆஃப் இண்டிபெண்டன்ட் ஆத்தர்ஸ் என்ற அமைப்பு விருதுகளை ஆராய்ந்து தர மதிப்பீடு வெளியிடுகிறது. ஐயம் எழும்போதெல்லாம் அதைப் பாருங்கள்.

புனைபெயர் வைத்துக்கொள்வதில் இத்துறையில் எவருக்கும் வியப்பில்லை. ஸ்காட்லாந்து நடிகராக இருந்த இயன் பிளேர், எம்மா பிளேர் என்ற பெயரில் பல ஆண்டுகள் காதல் நாவல்கள் எழுதினார். 1998இல் பிரிட்டிஷ் சங்கத்தின் விருதுக்கான இறுதிப் பட்டியலில் அவர் நூல் இடம்பெற்றபோதுதான் எம்மா ஓர் ஆண் என்பது ஊருக்குத் தெரிந்தது. விருதுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் புனைபெயருக்குப் பின்னால் நெடுநாள் இருக்க முடியாது என்பதற்கு அவரே சான்று. ஆகவே, நோயாளிகள் உங்கள் பெயரைத் தேடி நாவலை எடுத்துவரக் கூடாது என்பது மட்டுமே நோக்கம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்பது நோக்கமானால் அது நீடிக்காது, முன்னதாக அவர்களிடம் சொல்லிவிடுவது மேல். ஒப்பந்தமும் வரிக் கணக்கும் எப்படியும் சொந்தப் பெயரில்தான் இருக்கும். இன்னொன்று, ஆங்கிலேயர் உச்சரிக்க எளிதாக இருக்க வேண்டும் என்று எவரேனும் ஆங்கிலப் பெயர் ஒன்றைப் பரிந்துரைத்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈஸ்ட்ஹாமின் தமிழ்ப் பெண்கள் கடையில் உங்கள் நூலைக் கையில் எடுப்பதற்கு அட்டையில் இருக்கும் தமிழ்ப் பெயரும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.