மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை போட்டால்தான் சரியாகுமா? ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதா? வீட்டில் சொல்லலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. மருந்து கம்பெனியில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. முன்பு ஒருமுறை இதைப் பற்றி எழுதியபோது "எவ்வளவு கமிஷன்?" என்று ஒருவர் கேட்டார். அதனால்தான் இந்த முன்ஜாமீன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை என்று தோன்றுகிறது. நானும் பதினொரு நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். பக்கவிளைவுகளைப் படித்துப் படித்து, போடாத மாத்திரைக்கே தலைசுற்றல் வந்துவிட்டது.

எனக்கு முதலில் வந்தது சோகம் இல்லை, படபடப்பு. போன் அடித்தால் எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், அப்புறம் தூக்கம் இல்லை. மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்து, கவுன்சிலிங்குக்கு மட்டும் போனேன். பயம் வரும்போது மனதில் என்ன ஓடியது, அது எவ்வளவு உண்மை என்று தினமும் எழுதச் சொல்லி ஒரு நோட்டுப் போடச் சொன்னார்கள். நல்ல முறைதான், சி.பி.டி. என்பார்கள், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கும் பேச்சு சிகிச்சை. ஆனால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரத்தில் நான் எழுதியது தேதி மட்டும்தான்.

அக்காதான் இழுத்துக்கொண்டு போய் மனநல மருத்துவரிடம் உட்கார வைத்தாள். எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார், முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. முதல் வாரம் மோசம் என்றே சொல்வேன். குமட்டல், வாய் வறட்சி, படபடப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். இந்த வகை மாத்திரைகளில் ஆரம்பத்தில் இப்படி ஆகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தூக்கி எறியவில்லை. (உங்களுக்கு 25 வயதுக்குள் என்றால், முதல் சில வாரங்கள் உங்களோடு இருக்கும் ஒருவர் கண்காணிக்கட்டும். அந்த வயதில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். அப்படி ஏதாவது தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.)

நான்காவது வாரம். ஒருநாள் மாலை நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து விரல் முடிந்த பிறகுதான் உறைத்தது, யாரும் சொல்லாமல் நானே நகவெட்டியைத் தேடி எடுத்திருக்கிறேன். கையைப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது, அவ்வளவு நீளம். சந்தோஷம் பொங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நகம் வெட்டினேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மாத்திரை என் பிரச்சினை எதையும் தீர்க்கவில்லை. பேனாவைப் பிடிக்கத் தெம்பு கொடுத்தது.

"செரட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு என்பதே பொய் என்று 2022-லேயே நிரூபித்துவிட்டார்களே" என்று யாராவது வருவார்கள். 2022-ல் வந்த அந்த ஆய்வுத் தொகுப்பு, செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் குறைவதுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. மாத்திரை வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. 2018-ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில், மனச்சோர்வு மருந்துகளை வைத்து நடந்த 522 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல்தான், ஆனால் சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது.

நிறுத்தவே முடியாதா என்றால், முடியும். நான் சொதப்பியதே அங்கேதான். நான்காவது மாதம் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நானாகவே சட்டென்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் தொட்டதுபோல் ஒரு வெட்டு. கெட்ட கனவு, சொன்னதற்கெல்லாம் எரிச்சல். போதைக்கு அடிமையாகிவிட்டேன் என்று அழுதேன். மருத்துவர் திட்டவில்லை. திடீரென்று விட்டால் உடம்பு காட்டும் எதிர்ப்பு இது, போதை ஏக்கம் வேறு என்றார். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் மெல்ல, வாரக்கணக்கில் வரும். இது சில நாளிலேயே வந்தது. மறுபடி ஆரம்பித்து, சரியான பிறகும் பல மாதம் தொடர்ந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டியது, பதற்றத்தைச் சட்டென்று அடக்கத் தரும் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகளுக்கு. அது வேறு வகை. இரண்டையும் ஒரே பெயரில் "தூக்க மாத்திரை" என்று சொல்லிக் குழப்புகிறவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

கோபம் என்றதும் இன்னொன்று. அட்டையில் நான்கு மாத்திரை போதும் என்றால், காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தையே கத்தரித்துத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் மருந்துக்கடைக்காரர்களை என்ன செய்வது? கையில் வருவது பெயரும் தேதியும் இல்லாத வெள்ளித் துண்டு. சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

வீட்டில் சொல்வது பற்றி. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. வைட்டமின் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அவர், "உடம்பு அசதியா இருக்கு, உன் சத்து மாத்திரைல ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று மூடியைத் திறந்தார். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.