வரையத் தெரியாத ஆசிரியர் தொடக்கப் பள்ளியில் ஓவியமும் கைவேலையும் எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: கடலூர் பக்கம் தொடக்கப் பள்ளி. மூன்றாம், நான்காம் வகுப்பு சேர்த்து 35 பிள்ளைகள். வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். தனியாக ஓவிய ஆசிரியர் கிடையாது, எனக்கும் வரைய வராது. செலவு செய்யவும் பெரிய வழியில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

வரைய வராது என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக வரையத் தெரிந்தவர்தான் பலகையில் ஒரு மயிலைப் போட்டுவிட்டு "இதே மாதிரி போடுங்க" என்பார். வகுப்பு முடியும்போது 35 நொண்டி மயில்கள் இருக்கும்.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். தாளைக் கொடுத்து "இயற்கைக் காட்சி வரைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, வானத்தில் நாலு டிக் குறிப் பறவை. கடலூரில் கேப்பர் மலையை விட்டால் மலை ஏது? அதுவும் முக்கோணம் இல்லை, நீளமாகக் கிடக்கும் செம்மண் மேடு. சூரியன் இங்கே கடலிலிருந்து எழும். கடலோரத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகூட மலைக்கு நடுவிலிருந்துதான் அதைக் கிளப்பும். அது கண்ணால் கண்ட படம் இல்லை, அண்ணன் நோட்டிலிருந்து தம்பி நோட்டுக்கு இறங்கிவந்த படம். இந்தப் படத்தை மறக்கடிப்பதுதான் முதல் ஆறு மாத வேலை. அதற்கு நீங்கள் வரைந்து காட்ட வேண்டாம். பொருளைக் கொண்டுவந்து வையுங்கள், கை செய்ய வேண்டியதைச் செய்து காட்டுங்கள், போதும்.

முதல் வாரம் செருப்பு. எல்லாரிடமும் இருக்கும், காசு வேண்டாம், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வராந்தாவில் உட்கார்ந்து தன் செருப்பை எதிரில் வைத்து வரையட்டும். பென்சில் வேண்டாம், மெழுகு கிரேயான் கொடுங்கள். கூர்ப் பென்சில் கையில் இருந்தால் தாளின் மூலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு படம் வரும், மீதி நேரம் ரப்பர் தேய்ப்பதில் போகும். ஒரே ஒரு விதி: படம் தாளின் இரண்டு ஓரத்தையாவது தொட வேண்டும். "வார் எங்கேருந்து கிளம்புது? எத்தனை ஓட்டை? குதிகால் பக்கம் தேஞ்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நடங்கள். கேள்வி கேட்கக் கேட்கப் பிள்ளை மறுபடி செருப்பைப் பார்க்கும். அடுத்தடுத்த வாரங்களில் வெண்டைக்காய், டிபன் பாக்ஸ், துடைப்பம், மீன் கூடை என்று போகலாம். துறைமுகப் பக்கம் பள்ளி என்றால் ஃபைபர் படகைப் பக்கத்தில் நின்று பார்க்க வைத்துவிட்டு, வகுப்புக்குத் திரும்பி வரையச் சொல்லுங்கள். நேரில் பார்த்தபின் மறுபடி "கப்பல் படம்" வராது.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் வானத்தைத் தாளின் மேல் ஓரத்தில் ஒரு நீலப் பட்டையாகவும், தரையைக் கீழே ஒரு பட்டையாகவும் போட்டு நடுவை வெறுமனே விடுவார்கள். வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே இருக்கும் கட்டில் தெரியும். திருத்தாதீர்கள், அந்த வயதுக்கு அதுதான் சரி. ஒன்பது, பத்து வயதில் அவர்களே "சரியா வரல டீச்சர்" என்று தாளைக் கவிழ்ப்பார்கள். பார்த்து வரைவது அப்போதுதான் உதவிக்கு வரும். பிள்ளையின் தாளில் மட்டும் உங்கள் கை படக் கூடாது. காட்ட வேண்டியதை ஒரு சிலேட்டில் காட்டி அழித்துவிடுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். 12 நிறப் பெட்டி வாங்காதீர்கள். போஸ்டர் கலரில் லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், வெள்ளை, நாலே நாலு பாட்டில். ஐந்து பேருக்கு ஒரு குழு, ஏழு குழு. குழுவுக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு நிறமும் ஒரு தேக்கரண்டி. 100 மில்லி பாட்டில் ஏறக்குறைய மூன்று வகுப்புக்கு வரும். எப்போதும் வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சொட்ட வேண்டும். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விட்டால் தளிர்ப் பச்சை. நீலத்தில் மஞ்சளை விட்டுக்கொண்டே போனால் பாட்டில் காலியாகும், நிறம் கரும்பச்சையைத் தாண்டாது. ஊதா வரவில்லை, பழுப்புச் சேறுதான் வருகிறது என்றால் நீங்கள் வாங்கியது ஸ்கார்லெட் சிவப்பு. அதில் மஞ்சள் சாயல் உண்டு, நீலம் சேர்ந்ததும் மூன்று நிறமும் கலந்து சேறாகிவிடும். கிரிம்சன் வாங்கச் சொன்னது அதனால்தான்.

தண்ணீருக்குக் கொட்டாங்குச்சி, கவிழாமல் இருக்க அடியில் பழந்துணிச் சும்மாடு. குழுவுக்கு இரண்டு வையுங்கள், ஒன்று அழுக்கைக் கழுவ, ஒன்று அலச. ஒரே தண்ணீர் என்றால் பத்து நிமிடத்தில் எல்லா நிறமும் சாம்பலாகும். நோட்டுத் தாள் ஈரத்தில் சுருண்டுவிடும், 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் தாங்கும். ஈரப் படத்தை உடனே கொடியில் மாட்டினால் வண்ணம் வழியும், தரையில் கால் மணி நேரம் கிடக்கட்டும்.

இனி இந்த ஊரின் சொத்து. கேப்பர் மலைச் செம்மண் ஒரு முழு வண்ணப்பெட்டிக்குச் சமம். கோலத்துக்குக் காவி இடுவதும் இதே சங்கதிதானே. ஒரு சொம்பு மண்ணை அரை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்குங்கள். பிள்ளைகள் 30 வரை எண்ணட்டும். அதற்குள் மணலும் கல்லும் அடியில் போய்விடும், மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரில் மெல்லிய மண் மட்டும் மிதக்கும். அதைப் பழைய வேட்டித் துணியில் வடித்து வேறு பாத்திரத்தில் ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால், காலையில் மேலே தெளிந்த நீர், கீழே தோசைமாவுப் பதத்தில் செந்நிறக் குழம்பு. தெளிவை ஊற்றிவிட்டு, நாலு கரண்டிக் குழம்புக்கு ஒரு கரண்டி ஃபெவிகால் கலந்தால் வண்ணம் தயார்.

ஃபெவிகால் போடாவிட்டாலும் வரையலாம், ஆனால் காய்ந்ததும் விரலில் பொடியாக ஒட்டிக்கொண்டு வரும். கெட்டியாக அப்பினால் ஏரி வறண்டதுபோல் வெடிக்கும், ஏனென்றால் காயும்போது மண் சுருங்கும், தாள் சுருங்காது. கறுப்புக்கு அடுப்புக்கரியை அரைத்துத் துணியில் சலியுங்கள். கரித்தூளைத் தண்ணீரில் போட்டால் கலக்காமல் மேலே மிதக்கும், முதலில் ஃபெவிகாலில் பிசைந்துகொண்டு அப்புறம்தான் தண்ணீர். வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள்தூள் அழகாக வரும், வெயில் படும் சுவரில் மாட்டினால் சில நாளில் வெளுத்துவிடும். தூரிகைக்குத் தாழை விழுது கிடைத்தால் விரல் பருமனில் ஒரு துண்டை ஊறவைத்து, நுனியில் இரண்டு சென்டிமீட்டரைக் கல்லால் தட்டினால் நார் பிரிந்து தூரிகையாகும். முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்க இதுதான்.

ஓவியம் சலித்த வாரத்தில் அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ, வாழை மட்டையில் தேன்கூடு. வண்ணத்தைத் தட்டில் ஊற்றாமல் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் தடவித் தொடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூவுக்குப் பதில் வெறும் கறைதான் விழும்.

களிமண்ணுக்குக் கடை தேட வேண்டாம். விநாயகர் சதுர்த்திக்குத் தெருவில் பிள்ளையார் அச்சடிப்பவரிடமோ, பக்கத்துக் குயவரிடமோ பதமான மண் கிடைக்கும். புதுச்சேரிப் பக்கம் என்றால் வில்லியனூர் இருக்கிறது, அங்கத்துச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. பிள்ளைக்கு 200 கிராம் வீதம் 7 கிலோ, கையிருப்போடு 10 கிலோ. பதம் பார்க்கச் சுண்டுவிரல் தடிமனில் திரித்து விரலைச் சுற்றுங்கள். வெடித்தால் வறட்சி, கொஞ்சம் நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், சாக்கின்மேல் கொஞ்ச நேரம் விரித்து வையுங்கள்.

முதல் வேலை பொம்மை இல்லை, கிண்ணம். உருண்டையின் நடுவில் கட்டைவிரலை இறக்கி, அடியில் ஒரு விரல் தடிமன் விட்டு, சுற்றிக்கொண்டே கிள்ளிக் கிள்ளி மேலே ஏற்ற வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான்: வழவழப்பாக்கத் தண்ணீரைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். கிண்ணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை மேசையில் வைக்காதீர்கள், ஈரத்துணி ஒன்று போதும். கைப்பிடி, காது, மூக்கு ஒட்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண்ணைக் கரைத்த சேற்றைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்ட வைத்த மூக்கு காயும்போது உதிரும், ஈரமான மூக்கும் பாதி காய்ந்த முகமும் ஒரே அளவு சுருங்குவதில்லை.

காயவைப்பதில்தான் முக்கால்வாசி வேலை கெடுகிறது. மின்விசிறிக்கு அடியில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து இழுக்கும், விரிசல் விழும். நிழலில், மேலே செய்தித்தாள் போர்த்தி மூன்று நாள், அப்புறம் திறந்து நாலைந்து நாள். சூளையில் கொடுப்பதானால் சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளே ஈரம் மிச்சம் இருக்கவும் கூடாது. ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் பானையையும் சேர்த்து உடைக்கும். சுடாமல் உடைந்ததை வாளியில் ஊறப் போடுங்கள், ஊறியதும் பிசைந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

காகிதக்கூழ் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. புதுச்சேரிப் பக்கத்துத் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. முறத்துக்கு வெந்தயமும் காகிதமும் அரைத்துப் பூசிய கதையைப் பிள்ளைகளின் ஆயாக்களிடம் கேட்டால் சொல்வார்கள். செய்தித்தாளைக் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழித்து (கிழிப்பதே ஒரு வகுப்பு) ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கையால் மசித்துப் பிழியுங்கள். மூன்று பிடி கூழுக்கு ஒரு பிடி பசை, ஒரு கரண்டி வெந்தயப் பொடி. பசைக்கு ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நாலு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்ட வேண்டும். இது வீட்டிலோ சத்துணவுக் கூடத்திலோ பெரியவர்கள் செய்யும் வேலை. கடலூர் வெக்கையில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கெடாமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், வாயில் விரல் வைக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது.

கவிழ்த்த கிண்ணத்தின்மேல் பாலித்தீன் தாளை மூடி, அரை சென்டிமீட்டர் கனத்தில் கூழை அப்பி வெயிலில் வைத்தால் மூன்று நாலு நாளில் கழன்று வரும். வண்ணத்துக்கு முன் சாக்பீஸ் தூளும் ஃபெவிகாலும் கலந்து ஒரு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் செய்தித்தாளின் சாம்பல் நிறம் எல்லாவற்றையும் மங்கடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கூழைத் தொடாதீர்கள். காயாது, நாறும், பூஞ்சை பிடிக்கும். அடைமழை மாதங்களுக்குக் காகிதப் பின்னல், வெட்டி ஒட்டுவது, புள்ளிக்கோலம். களிமண்ணும் கூழும் தையிலிருந்து.

கத்தரிக்கோலில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும், வளைவு வரும்போது கை திரும்பக் கூடாது, தாள்தான் திரும்ப வேண்டும். இடக்கைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரி வெட்டாது. அலகுகள் விலகித் தாளை மடிக்கும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறையும். சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் எந்தக் கையில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இடக்கைக் கத்தரி கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை கிழித்து ஒட்டட்டும், கிழித்த ஓரம் வெட்டிய ஓரத்தைவிட அழகு.

பசையை டப்பாவோடு கொடுக்காதீர்கள். பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, தொட்டு வைக்கக் காது குடையும் பஞ்சுக்குச்சி.

கடற்கரை மணலில் படம் ஒட்டுவதானால் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிக் காயவைத்த பிறகுதான். உப்பு இருந்தால் ஈரம் இழுக்கும், ஒட்டிய மணல் உதிரும். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆசையாக முந்திரிக்கொட்டை கொண்டுவருவார்கள், பச்சைக் கொட்டையை உடைக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள். ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

நேரம்: ஐந்து நிமிடம் காட்டுவதற்கு, 25 நிமிடம் வேலைக்கு, பத்து நிமிடம் கழுவித் துடைக்க. அந்தப் பத்தை வேலைக்குக் கடன் கொடுத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே வகுப்பு எடுக்கப் பிடிக்காது. ஐந்தே நிமிடத்தில் "டீச்சர், முடிச்சிட்டேன்" என்று ஓடிவருகிறவனிடம் "நல்லாருக்கு" என்று சொல்லி அனுப்பாதீர்கள், "இது என்னடா?" என்றும் கேட்காதீர்கள். "இந்தப் பக்கம் யார் நிக்கிறாங்க, சொல்லு" என்றால் பேசிக்கொண்டே திரும்பிப் போய் இன்னும் நாலு கோடு போடுவான்.

பெயரை வேலை தொடங்கும் முன்பே, தாளின் பின்புறம், பென்சிலில் எழுத வையுங்கள். காய்ந்தபின் மாட்டுவதானால் 35-ஐயும் மாட்டுங்கள், பிள்ளைகளின் கண் உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்தில்.