கிட்டாரில் எஃப் பார் கார்டு பிடிக்க விரலில் வலு போதவில்லையா?

ஐந்து மாதம் பழகியும், சுட்டுவிரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் எஃப் மேஜர் பார் கார்டைப் பிடித்தால் பாதிக் கம்பிகள் ஒலிக்காமல் ‘டொக்’ என்று மட்டும் கேட்கிறது, கையை வலுப்படுத்தும் ஸ்பிரிங் கருவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். நான் வாங்கி, செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ஹார்பர் ரயிலில் நின்றபடியே மூன்று மாதம் அமுக்கிப் பார்த்தவன். மணிக்கட்டு வலித்தது, எஃப் வரவில்லை.

சுட்டுவிரல் ஆறு கம்பிகளையும் ஒரே அழுத்தத்தில் அமுக்க வேண்டும் என்று நாமாகவே நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எஃப் மேஜரில் ஐந்தாவது, நான்காவது கம்பிகளை மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்) மோதிர விரலும் சுண்டுவிரலும் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவது கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல் பிடிக்கிறது. ஆகவே சுட்டுவிரலின் பொறுப்பில் மிஞ்சுவது தடித்த ஆறாவது கம்பியும், மெல்லிய இரண்டாவது, முதல் கம்பிகளும் மட்டுமே. நடுவில் விரல் சற்று வளைந்து தூக்கி நின்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. இதை அறிந்த அன்றே என் கையின் இறுக்கம் பாதி குறைந்தது. மாறாக, எஃப் மைனரில் நடுவிரல் விலகிவிடுவதால் மூன்றாவது கம்பியும் சுட்டுவிரலின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கம்பி விரல் மூட்டின் மடிப்புக்குள் விழுந்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஒலிக்காது. அப்போது விரலை ஓரிரு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்துவதும், சதைப்பற்றான உள்பக்கத்தை விட்டுக் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு விளிம்பைக் கம்பிமேல் வைப்பதுமே தீர்வு.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாராவியில் ஒரு தேவாலயத்தில் வாசிக்கும் திருநெல்வேலிக்காரர். என் கட்டைவிரல் வெளுத்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீ வாசிக்கல, அதோட கழுத்தப் புடிச்சு நெரிக்க” என்றார். பிறகு கட்டைவிரலை முழுவதுமாக எடுத்துவிட்டு அதே கார்டைப் பிடிக்கச் சொன்னார். வலக்கையின் முன்பகுதி கிட்டாரின் உடலை நெஞ்சோடு அணைத்திருக்க, இடது முழங்கையை மெல்லப் பின்னால் இழுத்தால், கையின் எடையே சுட்டுவிரலைக் கம்பிமேல் அழுத்துகிறது. கட்டைவிரல் அதன் பின் கழுத்தின் நடுமுதுகில் சும்மா சாய்ந்திருந்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இப்படிப் பழகியது, மூன்று மாத ஸ்பிரிங் கருவியைவிடப் பலன் தந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம், முதல் ஃப்ரெட்டிலிருந்து என்னை விரட்டியது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் அமரும் நட்டுக்கு மிக அருகில் இருப்பதால் கம்பி அங்கேதான் அதிகம் முரண்டு பிடிக்கும். ஃப்ரெட் இடைவெளியும் அங்கேதான் அகலம். அதே கை வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் ஏ மேஜர் கிடைக்கும், பிடிப்பதும் எளிது. அங்கே ஆறு கம்பிகளும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்ட பிறகு நான்கு, மூன்று, இரண்டு என்று வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாக இறங்கினேன். எஃப் மேஜரைத் தொடக்கப் பாடமாக வைப்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிப் பழக்குவது போன்றது என்பது என் எண்ணம்; பிழைத்துக்கொள்பவர்களும் உண்டு, கிட்டாரைப் பரண்மேல் போடுபவர்களே அதிகம்.

இத்தனைக்கும் பிறகும் முதல் ஃப்ரெட்டில் எஃப் வரவில்லை என்றால் உங்கள் கருவியைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அமுக்கிக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கும் கம்பிக்கும் இடையே பாருங்கள்: ஒரு தாள் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாதவை. என் கிட்டாரில் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் சுமார் 2.5 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். எனக்கு 4 இருந்தது, ஏனென்றால் ஜூலை மாத மும்பை ஈரத்தில் மேற்பலகை உப்பி, கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜையும் தூக்கிவிட்டிருந்தது. மழைக்காலத்தில் கிட்டாரைச் சுவரில் மாட்டாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு பெட்டிக்குள் வையுங்கள். நட்டை நீங்களே அரத்தால் ராவ வேண்டாம், ஒரு இழை கூடுதலாக ராவிவிட்டால் கம்பி கரகரக்கத் தொடங்கிவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் கம்பிகளைக் கழற்றிவிட்டு 0.010 தொகுதியைப் போடுவதும் விரலுக்கு நல்லது, ஒலி சற்று மெலியும்.

விரல் நுனி எரிவது இயல்பு. கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அதற்குள் யாரேனும் பாடச் சொல்லி, பாட்டின் நடுவே எஃப் வந்தே தீரும் என்றால், ஆறாவது, ஐந்தாவது கம்பிகளை விட்டுவிட்டு நான்கை மட்டும் வாசியுங்கள்: சுட்டுவிரல் முதல் இரண்டு கம்பிகளை முதல் ஃப்ரெட்டில் படுத்தபடி பிடிக்க, நடுவிரல் மூன்றாவது கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரல் நான்காவதை மூன்றாம் ஃப்ரெட்டிலும் பிடிக்கட்டும். ஏமாற்று வேலை என்று கூச வேண்டாம், தாராவி அண்ணனே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதி நேரம் அதைத்தான் பிடிக்கிறார்.