பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கேள்வி: அண்ணா, இத்தாலியின் பலெர்மோவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இளமையில் தான் ஓட்டிய பந்தய சைக்கிளை எனக்கே தந்துவிட்டார். ஃபிரேமில் பெயர் அழிந்திருக்கிறது. பாகங்களில் காம்பாக்னோலோ என்று பொறித்திருக்கிறது. இது எந்த வருடத்து சைக்கிள்? புதுசாகப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: பெயின்ட் வேண்டவே வேண்டாம், தம்பி. தின்னரும் கூடாது. சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும். அரைகுறையாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் துணுக்குதான் நாளைக்கு ஃபிரேம் செய்தவரைக் காட்டிக்கொடுக்கும்.

பின்கியர் மாற்றியின் மேல்பகுதியில் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். ‘பேட்டன்ட் 73’ என்பதுபோல் இரண்டு இலக்கம் தெரிந்தால், ஏறத்தாழ அந்த ஆண்டில் செய்த பாகம். காம்பாக்னோலோ என்பது சைக்கிள் பாகங்கள் செய்யும் இத்தாலிய நிறுவனம். அதன் நுவோவோ ரெக்கார்ட் என்ற அலுமினிய கியர் மாற்றி 1967இல் வந்து எண்பதுகள் வரை விற்றது. தோற்றத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது கடினம். ஆனால் அந்த எண் சொல்வது பாகத்தின் வயதைத்தான். பந்தயம் ஓட்டுகிறவர்கள் தேய்ந்ததை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே அந்த ஒரு எண்ணை வைத்து ஃபிரேமுக்கு ஆண்டு குறிக்காதீர்கள்.

அடுத்து முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கின் அடியிலிருந்து குழாய்க்குள் டார்ச் அடியுங்கள். உட்சுவரில் ஐந்து வரம்புகள் முறுக்கிக்கொண்டு மேலேறுகின்றனவா? அப்படியென்றால் மிலானின் கொலம்பஸ் நிறுவனம் செய்த ஃபிரேம் குழாய். முதன்முதலில் அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில் அவ்வளவு நேர்த்தி!

இரண்டு பெடல் கைகளையும் இணைத்து ஃபிரேமுக்குள் சுழலும் அச்சைக் கழற்றும்போது மட்டும் நிதானம். அதை இரு பக்கமும் தாங்குவது கப் என்ற திருகு மூடி. ஆங்கிலேய ஃபிரேம்களில் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை, அதாவது கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். இத்தாலிய ஃபிரேமில் இரண்டு பக்கமும் வலது மரைதான். எனது முதல் இத்தாலிய சைக்கிளில் இது தெரியாமல், ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, கழற்றுவதாக நினைத்து இறுக்கினேன். கப்பின் விளிம்பு மழுங்கிப்போனது. கப்பிலேயே 36 × 24 என்று தெளிவாகப் பொறித்திருந்தது. 36 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, இத்தாலிய அளவு. அன்று அதைப் படிக்கத் தெரியாமல் போனது இன்றும் வருத்தம்தான்.

ஓட்டுவதாக இருந்தால், கிராங்கின் (பெடல் பூட்டிய கை) கை, பல்சக்கரத்தைத் தாங்கும் நட்சத்திர வடிவப் பகுதியோடு சேரும் மூலைகளைச் சுத்தமாகத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் கால கிராங்குகள் வெடிப்பது அங்கேதான். தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் அதை மிதிக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னேன், ஆனால் எங்களுக்கெல்லாம் வாய்க்காத கொடுப்பினை உங்களுக்கு உண்டு. ஓட்டியவரே எதிரில் இருக்கிறார்! எங்கே வாங்கினார், ஃபிரேமுக்கு அளவெடுத்தது யார், எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். சிறு பட்டறைகளில் பிறந்த ஃபிரேம்களுக்குப் பல சமயம் வேறு பதிவே கிடையாது. மதியம் காப்பி குடிக்கும் நேரத்தில் சைக்கிளை அவர் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். கை அதில் பட்டால் ஞாபகம் தானாக வரும். அவர் சொல்வதை அவர் குரலிலேயே போனில் பதிவு செய்யுங்கள். பந்தயப் புகைப்படம் ஏதாவது இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.